மனசுல ஒண்ணுமில்லீங்க

ஜன்னலோரம் நான் உக்காந்துக்கட்டுங்களா கண்ணு? எனக்குக் காத்து இல்லீன்னா தலை சுத்தும். நெம்ப சந்தோசம். நீங்க எதுவரைக்கும் போறீங்க? புளியம்பட்டியா? நாங்க சத்தியமங்கலம் போகோணும். நாங்கன்னா நானும் என்ற தங்கச்சியும். அதோ, ரெண்டு சீட்டு முன்னாடி, நீலச் சேலை கட்டிக்கிட்டு நேரா உக்காந்திருக்குதே, அதுதான். வசுமதின்னு பேரு. சேந்தாப்பல சீட்டுக் கெடைக்கல. கெடைச்சாலும் எம்பக்கத்துல உக்காருவாளான்னு தெரியாது, அது வேற கதை.

பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. லட்சணமா, டீச்சர் மாதிரி இருப்பா. டீச்சராத்தான் இருந்தா. பதினேழு வருசமா அவளுக்கு மனநோய். மெதுவாப் பேசறதுக்கு என்ன இருக்குது, அவளுக்குத் தெரியாத சங்கதியா? எனக்கு மெதுவாப் பேச வராதுங்க. என்ற வாயி அப்பிடி. மனசுல ஒண்ணுமில்லீங்க. பட்டுன்னு பேசிருவேன், அடுத்த நிமிசம் மறந்துருவேன். உள்ள வெச்சுக்கிட்டு வெளிய சிரிக்கறவங்க இருக்கறாங்களே, அவங்களுக்குத்தான் பயப்படோணும்.

இந்த வாய்தான் என்ற தங்கச்சிக்கு ஆவாதுன்னு ஒரு டாக்டர் புள்ள என்னையக் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொல்லுச்சுங்க. முப்பது வயசு கூட இருக்காது. மெர்லின்னு பேரு, நாகர்கோயில்ப் பக்கம். ஒம்பது வயசுல இருந்து நான் வளத்த புள்ளைக்கு நான் பேசறது ஆவாதாம். இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணியிருக்கறாங்களாம். நீங்களே நாயத்தைக் கேளுங்க. காந்திபுரத்துல பஸ்ஸுக்கு நின்னப்ப இருந்தே யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு.

எங்கம்மா சாகறப்ப இவளுக்கு ஒம்பது வயசு. எனக்கு இருபத்தஞ்சு, கண்ணாலமாகி நாலு வருசம். எங்கப்பன் அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. எனக்குக் கொழந்தை இல்லீங்க. இவளைத்தான் கொண்டாந்து வளத்தேன். பரீட்சையில தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு வந்து நிப்பா. மீதி ரெண்டு எங்கடீன்னு கேப்பேன். அப்பிடிக் கேட்டுக் கேட்டுத்தான் அவ பி.எஸ்சி. கணக்குல காலேஜ்லயே ரெண்டாவதா வந்தா. மொதல்ல வந்த புள்ள பேரு இன்னைக்கும் எனக்கு நெனப்பு இருக்குது. இவளுக்கு மறந்திருக்கும்.

சத்தியில ஒரு இங்கிலீஷ் மீடியம் இஸ்கூல்ல வேலைக்குச் சேந்தா. ரெண்டாவது வருசம் ஒரு நாளு மத்தியானம், பாதிப் பாடத்துல சாக்பீஸைக் கீழ வெச்சுட்டு, செருப்புக் கூடப் போடாம ஏழு கிலோமீட்டரு நடந்து ஊட்டுக்கு வந்துட்டா. கேட்டா, எல்லாரும் அவளைப் பத்தியே பேசறாங்களாம். இஸ்கூல்ல பேசறாங்களாம், பஸ்ஸுல பேசறாங்களாம், தோட்டத்துல மோட்டார் ஓடற சத்தத்துக்குள்ள இருந்தும் பேசறாங்களாம். இருபத்துநாலு வயசுங்க அப்ப. கோயிலுக்குப் போனோம், அங்க இங்க அலைஞ்சோம், கடைசியில கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து சேத்தோம். ரெண்டு மாசத்துல நல்லாயிட்டா. மாத்திரை குடுத்து அனுப்புனாங்க.

அந்த மாத்திரையில நான் ஒரு நாளு தவறுனதில்லீங்க. ஒறம்பரை சனம் வந்திருந்தாலும் செரி, எழவு வூடா இருந்தாலும் செரி, மணி எட்டுன்னா எம்முன்னால வந்து நிக்கோணும். வாயைத் தொற, நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம் காட்டு. முழுங்கிட்டான்னு பாத்துட்டுத்தான் விடுவேன். யாராச்சும் இருந்தாக் கூச்சப்படுவா. மாத்திரை திங்கறதுக்கு என்ன கூச்சம்? வந்தவங்களுக்கும் சொல்லிருவேன், இது எங்கூட்டுப் பைத்தியம், நான் பாக்காட்டி ரோட்டுல நிக்கும்னு. சிரிச்சுட்டேதான் சொல்லுவேன், வெளையாட்டாத்தான். அவங்களும் சிரிப்பாங்க. இவதான் மொகத்தைத் தூக்கிட்டு உள்ள போயிருவா.

வெசனம், கவலை இல்லாமயா பாத்தேன்? நோம்பி, திருவிழான்னா மேல ரூம்புலயே இருக்கச் சொல்லிருவேன். நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்கல்ல. சோறு மேலயே கொண்டு போயிக் குடுத்துருவேன், கறியா இருந்தா நல்ல துண்டாப் பாத்துப் போட்டுத்தான். குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நிப்பேன். இத்தனை நேரம் என்னடி பண்றேம்பேன். தூங்குனா, பகல்ல என்னடி தூக்கம்பேன். தூங்காம உக்காந்திருந்தா, மறுபடி ஆரம்பிச்சுட்டியாம்பேன். கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்கறதுன்னா இதுதானுங்க.

அப்பிடிப் பாத்தும் அவளுக்கு வருசத்துக்கொருக்கா, ரெண்டு வருசத்துக்கொருக்கா மறுபடி வந்துரும். ஆஸ்பத்திரிக்குப் போனா நாப்பது நாள்ல தெளிஞ்சுருவா. ஊட்டுக்கு வந்தா ஆறு மாசம், எட்டு மாசம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில வேற மாத்திரை குடுக்கறாங்க போலன்னு நான் நெனச்சேன். ஒரு டாக்டருகிட்டச் சண்டை கூடப் போட்டேன்.

ரெண்டு வருசம் முன்னாடி சேத்தப்பத்தான் இந்த மெர்லின் புள்ள வந்துச்சு. "அம்மா, ஒரு ஆராய்ச்சி நடக்கு. உங்க தங்கச்சியப் பத்தி நீங்க ஒரு மணி நேரம் பேசணும், நாங்க டேப் பண்ணிக்கிறோம், சம்மதமா"ன்னு கேட்டுச்சு. எனக்கு நெம்ப சந்தோசமுங்க. பதினஞ்சு வருசத்துல எவரும் என்னையக் கேட்டதே இல்ல. எல்லாரும் அவளைத்தான் கேப்பாங்க, நல்லாத் தூங்கறியா, சத்தம் கேக்குதான்னு. ஏசி ரூம்பு, டீ குடுத்தாங்க. ஒரு மணி நேரம்னு சொன்னாங்க, நான் ரெண்டேகால் மணி நேரம் பேசுனேன். மனசுல இருந்த பாரமெல்லாம் எறங்குன மாதிரி இருந்துச்சு. வெளிய வந்து எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன், இந்தப் புள்ளதான் நல்ல டாக்டருன்னு.

பத்து நாள் கழிச்சு எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டுச்சு. என்ன சொல்லுச்சுங்கறீங்க? "அம்மா, இந்த நோய் உங்களால வந்ததில்ல. யாராலயும் வந்ததில்ல. அத மொதல்ல சொல்லிடுறேன். ஆனா எந்த வீட்டுல குறை சொல்லிப் பேசுறது கூடுதலா இருக்கோ, எந்நேரமும் மேல விழுந்து கவனிக்காங்களோ, அந்த வீட்டுல நோய் சீக்கிரமாத் திரும்பி வருது. அறுபது வருசமா பல நாட்டுல பாத்திருக்காங்க. மாத்திரை ஒழுங்காப் போட்டாலும் வருது. மாத்திரையும் வேணும், வீடும் அமைதியா இருக்கணும்."

நான் கேட்டேன், "அப்ப என்னைய அமைதியில்லாதவங்கறியா?"ன்னு. அந்தப் புள்ள ஒரு காயிதத்தைப் பாத்துச்சு. "ரெண்டேகால் மணி நேரத்துல நீங்க அவங்களப் பத்தி அம்பத்தேழு தடவ குறை சொல்லியிருக்கீங்கம்மா. நல்லதா ஒண்ணு சொன்னீங்க"ன்னுச்சு. என்னன்னு கேட்டேன். "செத்துப்போன அம்மா மாதிரியே நல்லாக் கோலம் போடுவான்னு சொன்னீங்க, ஆனா இப்ப போடுறதில்லைன்னு சேத்துச் சொன்னீங்க." எண்ணியிருக்கறாங்க கண்ணு. டீ குடுத்துப் பேச விட்டுட்டு உள்ளுக்குள்ள எண்ணிட்டு இருந்திருக்கறாங்க. எங்கூட்டுக்காரரு அங்கயே இருக்கறாரு, ஒரு வார்த்தை எனக்காகப் பேசோணுமில்ல? தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தாரு. அந்தப் புள்ளைக்கு முன்னால அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. எனக்கு மானமே போச்சு.

அப்பறம் குடும்பத்துக்காரங்களுக்குன்னு கிளாஸ் வெச்சாங்க. வியாழக்கெழம வியாழக்கெழம, எட்டு வாரம். நான் ரெண்டு வாரம் போனேன். பெரியவங்க பத்துப் பன்னண்டு பேரு வட்டமா உக்காந்திருக்கோணும். "சோறு மிச்சம் வெச்சுட்டாங்கன்னா எப்பிடிச் சொல்வீங்க?"ன்னு எங்கிட்டக் கேட்டாங்க. சோத்தோட அருமை தெரியுமாடி உனக்கும்பேன்னு சொன்னேன். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. வூட்டுக்குப் போயி தெனமும் நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. செஞ்சேனுங்க. "வசு, இன்னைக்கு நீ யாரையும் அடிக்கல, நெம்ப சந்தோசம்"னேன். அவ என்னைக்கும் யாரையும் அடிச்சவ இல்ல, இருந்தாலும் நல்லதா ஒண்ணு சொல்லோணுமில்ல? அதுக்கும் எந்திரிச்சுப் போயிட்டா. அதோட நான் போகறதை நிறுத்திப்போட்டேன். என்ற தங்கச்சிகிட்ட எப்பிடிப் பேசோணும்னு எனக்கு ஒரு கிளாஸா?

எங்கூட்டுக்காரரு எட்டு வாரமும் போனாரு. மனுசன் முப்பத்தஞ்சு வருசத்துல எனக்காக ஒரு சினிமாவுக்கு லீவு போட்டதில்ல. கிளாஸுக்குப் போயிட்டு வந்து ஆளே மாறிட்டாரு. காலையில அவ எந்திரிச்சு வந்தா, "வாம்மா, டீ குடிக்கலாம்"பாரு. மாத்திரையை அவ கையிலயே குடுத்துட்டாரு, "நீயே பாத்துக்கம்மா, மறந்தா நான் நெனப்புப் படுத்தறேன்"னு. நான் வாயைத் தொறந்தா, "இராஜாமணி, வா, தோட்டத்துக்குப் போலாம்"னு என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு. என்ற ஊட்டுல நான் பேசக் கூடாதுன்னு ஆயிப்போச்சு.

எங்க தோட்டத்துல பட்டுப்பூச்சி வளக்கற செட்டு ஒண்ணு சும்மா கெடந்துச்சுங்க. தேங்கா போடற மாணிக்கத்தோட மக ஏழாவதுல கணக்குல பெயிலு. இவரு போயி அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்து, "வசு, சித்த சொல்லிக்குடும்மா"ன்னாரு. அவ பத்து வருசத்துக்கு மேல ஒரு கணக்குப் போட்டவ இல்ல. மொத நாளு நோட்டைத் தொறக்கவே அரை மணி நேரமாச்சு. நான் பாத்தேன். ஒரு மாசத்துல அந்தப் புள்ள பாஸாயிருச்சு. அப்பறம் ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு அஞ்சாச்சு. பதினோரு புள்ளைங்க வந்துச்சுங்க கண்ணு. செட்டுல கரும்பலகை மாட்டிக் குடுத்தாரு. சாயங்காலம் நாலு மணியானா "டீச்சர் டீச்சர்"னு ஒரே சத்தம். பதினோரு மாசம் நல்லா இருந்தா. ஆஸ்பத்திரியில இருந்து மாசாமாசம் போன் பண்ணி விசாரிப்பாங்க. எல்லாம் கிளாஸுக்குப் போன அவரால நல்லாயிட்டாளாம். பதினஞ்சு வருசம் நாக்கைத் தூக்கிப் பாத்தவ நான், ஒருத்தரும் எம்பேரைச் சொல்லல.

எனக்குப் பொறாமைன்னு நெனைக்காதீங்க. பயம். சொந்தப் புள்ளைங்களா அதுங்க? நாளைக்கு இவளுக்கு ஒண்ணு வந்து எக்குத்தப்பா ஆயிருச்சுன்னா ஊரு யாரைக் கேக்கும்? மாணிக்கம் பொண்டாட்டி ஒரு நாளு வந்தா. "அக்கா, உங்க தங்கச்சி தங்கம், எம்புள்ளைக்குத் தெய்வம் மாதிரி"ன்னா. எனக்கு மறைக்கத் தெரியாதுங்க. சொல்லிப்போட்டேன். மோட்டார் சத்தத்துல பேச்சுக் கேட்டது, ஒரு தடவை துணியில்லாம வாசல்ல வந்து நின்னது, எல்லாத்தையும். "தனியா மட்டும் விட்டுறாதீங்க, நான் நல்லதுக்குச் சொல்றேன்"னேன். அவ மொகம் வெளுத்துப்போச்சு.

அடுத்த நாளு ஆறு புள்ளைங்க வரல. அதுக்கடுத்த நாளு யாருமே வரல. இவளுக்கு என்னன்னு தெரியாது. நாலு மணிக்குச் செட்டுக்குப் போயி, போர்டைத் துடைச்சு, தேதி எழுதிட்டு உக்காந்திருந்தா. ஆறு மணி வரைக்கும். நாலு நாளுங்க. அஞ்சாம் நாளு வந்து, "அக்கா, அவங்ககிட்ட நீ என்ன சொன்னே?"ன்னு கேட்டா. "உண்மையத்தான் சொன்னேன், பொய்யா சொன்னேன்?"னேன். சண்டை போடல. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா காதுல பஞ்சு வெச்சிருக்கறா.

நான் சொல்றது கேக்குதுங்களா? பஸ் சத்தமா இருக்குது. பாருங்க, அவ திரும்பவே மாட்டா. கேட்டுட்டுத்தான் இருப்பா. பழகிப்போச்சு.

மறுபடி ஆஸ்பத்திரி. நான் மொத வேலையா என்ன சொன்னேன்னா, மாத்திரையை இவ கையில குடுத்தாரில்ல, இவ போட்டிருக்கமாட்டா, அதான் வந்துருச்சுன்னேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஒழுங்காப் போட்டிருக்கறாளாம். மெர்லின் புள்ள அவகிட்டக் கேட்டிருக்குது, "சத்தம் கேக்குன்னு சொல்றீங்கல்ல, யாரோட கொரல் மாதிரி இருக்கு?"ன்னு. என்ற கொரலுங்களாம். முன்னெல்லாம் யாரோ தெரியாதவங்க பேசுவாங்க, இப்ப எங்கக்காதான் பேசறாங்கன்னாளாம். எந்திரிடி, குளிச்சியாடி, நாக்கைத் தூக்குடி, ஊரு உன்னைய நம்பாதுடின்னு. நான் அப்ப ஊர்ல தோட்டத்துல இருக்கறேன். இங்க ஆஸ்பத்திரிக்குள்ள அவ காதுல நான் பேசிட்டு இருக்கறேனாம். வாயை மூடிக்கிட்டு இருந்தாலும் நாந்தான் குத்தவாளின்னா நான் என்ன பண்றது சொல்லுங்க.

ரெண்டு மாசத்துல தெளிஞ்சா. தெளிஞ்சு என்ன பண்ணுனா தெரியுமா? இப்ப ஒரு சட்டம் வந்திருக்குதுங்களாம். சீக்குக்காரங்க நல்லா இருக்கறப்பவே எழுதி வெச்சுக்கலாமாம், மறுபடி முடியாமப் போனா யாரு முடிவெடுக்கோணும், யாரு கிட்ட வரக் கூடாதுன்னு. எழுதிட்டா. டீச்சர் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்ல. "எனக்காக என் மாமா முடிவெடுக்கட்டும். என் அக்கா என்மேல் பிரியம் உள்ளவர். ஆனால் நான் நோயில் இருக்கும்போது அவரை என்னைப் பார்க்க விட வேண்டாம்." எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. பிரியம் உள்ளவருன்னு போட்டிருக்கறாளாம், அதுக்கு நான் சந்தோசப்படோணுமாம்.

ஊட்டுக்கும் வரமாட்டேன்னுட்டா. கோயமுத்தூர்லயே கணபதிப் பக்கம் ஒரு விடுதி இருக்குது, இவளாட்ட நல்லாயிட்ட பொம்பளைங்க பத்துப் பேரு தங்கறாங்க. அங்க போயிட்டா. பக்கத்துல புள்ளைங்களுக்கு டியூசன் எடுக்கறா. எங்கூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமையானா மொத பஸ்ஸுல போயிருவாரு, கொய்யாப்பழம், முருங்கைக்காய் எல்லாம் தூக்கிக்கிட்டு. சாயங்காலம் வந்து, "நல்லா இருக்குது இராஜாமணி, நல்லாச் சிரிக்குது"ம்பாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லமாட்டாரு. நான் கேக்கவும் மாட்டேன்.

அவரும் போயிட்டாருங்க. இன்னைக்கோட இருபத்தாறு நாளாச்சு.

ஆமாங்க. நெஞ்சு வலி. பெரிய காரியமெல்லாம் பண்ணி முடிச்சாச்சு. இல்லீங்க, இவளுக்கு நான் சொல்லல. எப்பிடிச் சொல்றது? வந்து எல்லாருக்கும் முன்னால ஏதாச்சும் பண்ணிப்போட்டான்னா? விடுதியில இருந்து அவரு போனுக்குக் கூப்புட்டாங்க, நான்தான் எடுத்தேன். காய்ச்சல், வரமுடியலன்னேன். அடுத்த வாரம் மழைன்னேன். நாலு ஞாயித்துக்கெழமை இவ விடுதி வாசல்லயே உக்காந்திருந்தாளாம், வார்டன் அம்மா சொல்லுச்சு. முந்தாநாளு எப்பிடியோ மெர்லின் புள்ளைக்குத் தெரிஞ்சு போன் பண்ணுது. "நீங்க தனியாப் போயிச் சொல்ல வேண்டாம்மா, நானும் வாரேன், ரெண்டு பேருமாச் சேந்து மெதுவாச் சொல்லுவோம்"னு. எங்கூட்டுச் சாவைச் சொல்றதுக்கும் ஒரு டாக்டரா? நான் இன்னைக்குக் காலையில கெளம்பி வந்துட்டேன்.

நல்லா இருந்தா கண்ணு. நான் எதிர்பாக்கல. சதை போட்டு, மொகமெல்லாம் தெளிவா. என்னையப் பாத்ததும் எனக்குப் பின்னால பாத்தா, அவரு வர்றாரான்னு. வெச்சுட்டுப் பேச எனக்குத் தெரியாது. "மாமா போயி இருபத்தாறு நாளாச்சு வசு"ன்னேன். "இருபத்தாறா?"ன்னு மட்டும் கேட்டா. அப்பறம், "மாமா கடைசியா ஏதாச்சும் சொன்னாரா அக்கா?"ன்னா. "ஒண்ணும் சொல்லல கண்ணு, நெனவே இல்ல"ன்னேன். ஒரு கடுமையான வார்த்தை நான் பேசலீங்க, வார்டன் அம்மாவே சாட்சி. போயி மொகம் கழுவிட்டு வந்தா. வந்து எம்பக்கத்துல உக்காந்து எங்கையைப் புடிச்சுக்கிட்டா. இத்தனை வருசத்துல அவளா வந்து புடிச்சது அதுதான். "தனியாவா இருக்கே அக்கா? நான் பத்து நாளைக்கு வந்து உங்கூட இருக்கட்டுமா?"ன்னா. நான் கூப்புடக் கூட இல்லீங்க. மெர்லின் புள்ள போன்ல என்னென்னமோ சொல்லுச்சு. "அக்காவுக்கு யாரும் இல்ல டாக்டர்"னு சொல்லிட்டுத் துணி எடுத்து வெச்சுட்டா.

பத்து நாளுங்கறதெல்லாம் சும்மா. மொதல்ல ஊடு வந்து சேரட்டும். அந்தக் காயிதத்துல மாமா பேருதானே இருக்குது, அவரே இல்ல. இனி நாந்தானே? அவளுக்கும் வயசாவுது, எனக்கும் ஒரு ஆளு வேணும்.

என்ன, பஸ் நின்னுபோச்சு? கணேசபுரங்களா இது? ரோட்டு வேலையா. ஒரு பக்கமாத்தான் விடறாங்க போல. இஞ்சினையும் ஆஃப் பண்ணிட்டாங்க. இனி அரை மணி நேரம்.

என்ன கேட்டீங்க? கடைசியில அவருக்கு நெனவு இருந்துச்சான்னா? ஆமா, இருந்துச்சுங்க. ரெண்டு நாளும் இருந்துச்சு. சத்தியில ஆஸ்பத்திரியில படுத்துட்டு, "வசுவைக் கூட்டிட்டு வா"ன்னாரு. நான் இருக்கறேன்ல, அவ எதுக்குன்னேன். மறு நாளும் அதேதான், "அவளுக்கு ஒரு போன் போடு இராஜாமணி"ன்னாரு. போடறேன்னு சொல்லிட்டு வெளிய வந்து நின்னுட்டேன். பொண்டாட்டி நான் பக்கத்துல உக்காந்து காலைப் புடிச்சு விட்டுட்டு இருக்கறேன், அவரு வாயில அவ பேருதான் வருது. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? சாயங்காலம் மூச்சு எளைச்சுட்டே சொல்றாரு, "சரி, வசுகிட்ட இது ஒண்ணை மட்டும் சொல்லீரு. நான் ஊடு ஊடாப் போயிப் பேசுனேன். நாலு புள்ளைங்க மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்குதுங்க. செட்டைக் கூட்டி வெச்சிருக்கறேன்னு சொல்லு"ன்னாரு. எனக்குத் தெரியாம ஊருக்குள்ள போயி கெஞ்சியிருக்கறாரு மனுசன். அதை எதுக்கு இவகிட்டச் சொல்லோணும்? சொன்னா மறுபடி செட்டு, போர்டுன்னு ஆரம்பிப்பா. மறுபடி எனக்குத்தானே தலைவலி. அதான் நெனவே இல்லைன்னு சொல்லிப்போட்டேன்.

ஏன் வசு எந்திரிச்சு வந்துட்டே? இன்னும் அன்னூரே வரல. தண்ணி வேணுமா?

எந்த நாலு பேரா? எனக்கெங்கடி தெரியும், பேரெல்லாம் அவரு சொல்லல. மாணிக்கம் மக ஒண்ணுன்னு நெனைக்கறேன். எதுக்குக் கேக்கறே இப்ப? இங்க பாரு, இந்த அம்முணிகிட்ட நான் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லிட்டு இருந்தேன். எல்லாத்தையும் காதுல வாங்காதே. போயி உக்காரு.

பையை எதுக்கு எடுக்கறே? வசு. எங்கடி போறே? கண்டக்டரு, அது எங்க ஆளுதான், எறக்கி விடாதீங்க, அதுக்குச் சித்தம் சரியில்ல. ஏனுங், கதவைச் சாத்துங்க. நல்லாத்தான் பேசறா, ஆமா, பாத்தா அப்பிடித்தான் தெரியும், நான் சொல்றேன்ல. அவளுக்கு மேசரு வயசுதான், யாரு இல்லைன்னா?

எறங்கிட்டா பாருங்க.

அதோ, ரோட்டைத் தாண்டறா. எதுத்தாப்பல வர்ற பஸ்ஸு கோயமுத்தூருக்குத்தானே போவுது? கை காட்டறா. அந்த டிரைவரும் நிறுத்தறான் பாருங்க. ஏறிட்டா. ஜன்னலோரத்துல உக்காந்திருக்கறா. இங்கதான் பாக்கறா. அழுவறாளா? உங்களுக்குத் தெரியுதுங்களா கண்ணு, எனக்குக் கண்ணு அத்தனை தூரம் தெரியாது. வாயி என்னமோ அசையுது. என்ன சொல்றா? போயிட்டு வர்றேங்கறாளா?

போவட்டும். எங்க போயிருவா? நாளைக்கே மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த டாக்டர் புள்ளையா வந்து கழுவித் தொடைக்கும்? புருசனைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கறவளை நடுரோட்டுல விட்டுட்டுப் போறா, அதை எந்த ஆராய்ச்சியில எண்ணுவாங்க? நீங்க சொல்லுங்க. இவ்வளவு நேரம் கூட இருந்து கேட்டீங்கல்ல, நான் சொன்னதுல எது தப்பு? ஒண்ணைச் சொல்லுங்க பாப்போம்.

என்ன கண்ணு, எந்திரிச்சுட்டீங்க? புளியம்பட்டி இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது. அங்கயா போறீங்க, அவ உக்காந்திருந்த எடத்துக்கா? அந்தப் பக்கம் முழுக்க வெயிலுங்க. இங்கயே இருங்க, நான் வேணும்னா தள்ளி உக்காந்துக்கறேன்.